இரண்டாவது முறையும் தாக்கிய ஹெச்.ஐ.வி... தடுப்பூசிக்கு வழிகாட்டும் மொம்பாசா பெண்களின் ரத்தம்!

"எனக்கும் ஹெச்.ஐ.வி இருக்கு, அவருக்கும் இருக்கு. இனிமே எங்களுக்கு எதுக்கு ஆணுறை?"

ஹெச்.ஐ.வி-யுடன் வாழும் தம்பதிகள் பலருக்கும் வரும் கேள்வி இது. மேலோட்டமாகப் பார்த்தால் நியாயமாகத்தான் தெரியும். அம்மை ஒரு முறை வந்துவிட்டால் பெரும்பாலும் மறுபடி வராது. உடம்புக்குள் ஏற்கெனவே குடியிருக்கும் வைரஸ் மறுபடியும் வெளியிலிருந்து வந்து என்ன செய்துவிடப் போகிறது?

ஆனால், வரும். ஒருவருக்கு ஹெச்.ஐ.வி வந்து சில மாதங்களோ, சில வருடங்களோ கழித்து, வேறொருவரிடமிருந்து வேறொரு ரக ஹெச்.ஐ.வி தொற்றலாம். இதை 'சூப்பர்இன்ஃபெக்‌ஷன்' என்கிறார்கள் மருத்துவர்கள். தமிழில் 'மேல்தொற்று' என்று சொல்லலாம்.

இது கெட்ட செய்தி. ஆனால், இந்தக் கெட்ட செய்திக்குள் விஞ்ஞானிகளுக்கு எதிர்பாராத ஒரு துப்பு கிடைத்திருக்கிறது. இரண்டு முறை தொற்றுக்கு ஆளானவர்களின் ரத்தத்தில், ஒரு முறை மட்டும் தொற்றியவர்களைவிட வலுவான, பலவிதமான வைரஸ்களைத் தடுக்கக்கூடிய ஆன்டிபாடிகள் உருவாகியிருந்தன. 40 வருடங்களாகக் கைக்கு எட்டாத ஹெச்.ஐ.வி தடுப்பூசிக்கான ஆராய்ச்சியில் இது முக்கியமான தடயம். கொடுத்தவர்கள் கென்யாவின் துறைமுக நகரமான மொம்பாசாவின் பெண்கள்.

ஹெச்.ஐ.வி ஒன்றல்ல, ஒரு பெரிய கூட்டம்!

ஹெச்.ஐ.வி என்று ஒரே பெயரில் அழைத்தாலும், அது ஒரே வைரஸ் இல்லை. உலகம் முழுக்கப் பரவியிருக்கும் ஹெச்.ஐ.வி-1 வைரஸில் ஏ, பி, சி, டி என்று பல உட்பிரிவுகள் இருக்கின்றன. அமெரிக்காவிலும் மேற்கு ஐரோப்பாவிலும் 'பி' அதிகம். இந்தியாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் 'சி' அதிகம். கென்யாவில் 'ஏ' அதிகம் என்றாலும் 'சி', 'டி' பிரிவுகளும் புழங்குகின்றன.

ஒரே உட்பிரிவுக்குள்ளும் ஆளுக்கு ஆள் வைரஸ் மாறுபடும். காரணம், ஹெச்.ஐ.வி தன்னைத்தானே நகல் எடுக்கும்போது நிறைய 'எழுத்துப்பிழை' விடும். ஒவ்வொரு பிழையும் புதிய முகம். ஒரே மனிதரின் உடலில்கூட சில வருடங்களில் ஆயிரக்கணக்கான முகங்களோடு இந்த வைரஸ் உலவும்.

நம் உடலின் நோய் எதிர்ப்பு மண்டலம் சும்மா இருப்பதில்லை. தொற்று ஏற்பட்ட சில வாரங்களிலேயே ஆன்டிபாடி என்ற புரதங்களைத் தயாரிக்க ஆரம்பித்துவிடுகிறது. நம்பிக்கை மையத்தில் செய்யும் ஹெச்.ஐ.வி பரிசோதனை தேடுவதும் இந்த ஆன்டிபாடியைத்தான். ஆனால், ஆன்டிபாடி இருப்பது வேறு, அது வைரஸை முடக்குவது வேறு. வைரஸை செல்லுக்குள் நுழையவிடாமல் தடுக்கும் ஆன்டிபாடிகளைத்தான் 'முடக்கும் ஆன்டிபாடிகள்' என்கிறார்கள். அவை உருவாக சில மாதங்கள் ஆகும். அவை தயாராகி வருவதற்குள் வைரஸ் வேஷத்தை மாற்றிவிடும்.

போலீஸிடம் திருடனின் போட்டோ இருக்கிறது. அதில் பெரிய மீசை. போலீஸ் மீசைக்காரர்களை எல்லாம் பிடித்துக்கொண்டிருக்க, திருடன் மீசையை எடுத்துவிட்டுப் பக்கத்துத் தெருவிலேயே நடமாடுகிறான். புதுப் படம் வரைவதற்குள் தாடி வளர்த்துவிடுகிறான். ஹெச்.ஐ.வி-க்கும் நம் உடலுக்கும் நடப்பது கிட்டத்தட்ட இந்தத் துரத்தல்தான். போதாக்குறைக்கு, வைரஸின் மேல்பரப்பில் இருக்கும் முள் போன்ற புரதத்தைச் சர்க்கரை மூலக்கூறுகள் போர்வை மாதிரி மூடியிருக்கின்றன. அதனால் ஆன்டிபாடிக்கு எட்டும் இடங்களும் குறைவு.

இருந்தாலும், சிலருடைய உடல் மட்டும் மீசையையும் தாடியையும் விட்டுவிட்டு, திருடனால் மாற்றவே முடியாத காது அமைப்பைக் கண்டுபிடித்துவிடுகிறது. அப்படிப்பட்டவர்களின் ஆன்டிபாடி, தன் உடலில் இருக்கும் வைரஸை மட்டுமல்ல, உலகின் வேறு மூலைகளில் இருக்கும் வைரஸ்களையும் முடக்கும். இதை 'பரந்த முடக்குத்திறன் கொண்ட ஆன்டிபாடி' என்கிறார்கள். இது எல்லோருக்கும் உருவாவதில்லை. உருவாகிறவர்களுக்கும் பெரும்பாலும் சில வருடங்கள் பிடிக்கிறது.

தடுப்பூசி தயாரிக்க நினைப்பவர்களின் கனவே இந்த ஆன்டிபாடிதான். தொற்று வருவதற்கு முன்பே இதை உடலில் உருவாக்க முடிந்தால்? அதற்கு முதலில், இது யாருக்கு, ஏன், எப்படி உருவாகிறது என்று தெரிய வேண்டும்.

மாதம் தவறாமல் வந்த பெண்கள்

1993-ம் ஆண்டு மொம்பாசாவில் ஓர் ஆய்வு தொடங்கியது. நைரோபி பல்கலைக்கழகமும் அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகமும் சேர்ந்து நடத்திய ஆய்வு. அதில் பங்கேற்றவர்கள் பாலியல் தொழில் செய்த பெண்கள். மாதத்துக்கு ஒரு முறை மருத்துவமனைக்கு வருவார்கள். உடல் பரிசோதனை, பால்வினை நோய்களுக்குச் சிகிச்சை, ஆணுறை, ஆலோசனை எல்லாம் கிடைக்கும். ரத்த மாதிரியும் எடுப்பார்கள்.

சேரும்போது ஹெச்.ஐ.வி இல்லாத பெண்கள் அவர்கள். ஆனால், ஆண்டுகள் போகப் போக அவர்களில் சிலருக்குத் தொற்று வந்தது. அதற்குப் பிறகும் அவர்கள் மருத்துவமனைக்கு வருவதை நிறுத்தவில்லை. அப்போது கென்யாவில் ஹெச்.ஐ.வி மருந்து சாதாரண மக்களுக்கு எட்டாத பொருள். 2004-ல்தான் இந்த ஆய்வில் இருந்த பெண்களுக்குக் கூட்டு மருந்து சிகிச்சை கிடைக்கத் தொடங்கியது. அதுவரை எடுக்கப்பட்ட ரத்த மாதிரிகள் உறைநிலையில் பாதுகாக்கப்பட்டன.

அந்த மாதிரிகளில்தான் ஒரு பெரிய வாய்ப்பு ஒளிந்திருந்தது. ஒரு பெண்ணுக்குத் தொற்று வருவதற்கு முன், வந்த உடனே, ஒரு வருடம் கழித்து, ஐந்து வருடம் கழித்து என்று வரிசையாக ரத்தம் இருக்கிறது. வைரஸ் எப்படி மாறியது, ஆன்டிபாடி எப்படித் துரத்தியது என்று சினிமா ரீல் மாதிரி ஓட்டிப் பார்க்கலாம்.

மேல்தொற்றைக் கண்டுபிடித்தது எப்படி?

2002-ம் ஆண்டில்தான் மேல்தொற்று பற்றிய உறுதியான மருத்துவக் குறிப்புகள் வெளிவந்தன. அதற்கு முன்புவரை, 'முதல் தொற்றே இரண்டாவது தொற்றைத் தடுத்துவிடும்' என்ற நம்பிக்கை பலரிடம் இருந்தது.

அமெரிக்காவின் சியாட்டில் நகரில் இருக்கும் ஃப்ரெட் ஹட்சின்சன் புற்றுநோய் ஆய்வு மையத்தில் ஜூலி ஓவர்பா தலைமையிலான குழு, மொம்பாசா மாதிரிகளை எடுத்து ஆராய்ந்தது. வைரஸின் மரபணு வரிசையைப் படித்து, அதை ஒரு குடும்ப மரமாக வரைவார்கள். ஒரு பெண்ணின் உடலிலேயே மாறிக்கொண்டிருக்கும் வைரஸ் என்றால், எல்லாம் ஒரே கிளையிலிருந்து பிரியும். திடீரென்று சம்பந்தமே இல்லாத வேறு கிளை முளைத்தால்? வெளியிலிருந்து புது வைரஸ் வந்திருக்கிறது என்று அர்த்தம்.

2007-ல் வெளியான முடிவு பலரைத் திடுக்கிட வைத்தது. ஆராய்ந்த 36 பெண்களில் 7 பேருக்கு இரண்டாவது வைரஸ் தொற்றியிருந்தது! அதுவும் எல்லாம் முதல் தொற்று வந்த உடனே அல்ல. சிலருக்கு முதல் தொற்று நாள்பட்ட பிறகும் வந்திருந்தது. பாலியல் தொழிலில் இருந்தவர்கள் என்பதால் வைரஸை எதிர்கொள்ளும் வாய்ப்பு அவர்களுக்கு அதிகம். ஆனால், 2012-ல் உகாண்டாவின் ராகாய் பகுதியில் பொதுமக்களிடம் நடந்த ஆய்விலும், 149 பேரில் 7 பேருக்கு மேல்தொற்று கண்டறியப்பட்டது. ஆக, இது எங்கோ ஒருவருக்கு நடக்கும் அதிசயம் அல்ல.

மொம்பாசா குழு 2013-ல் இன்னொரு விஷயத்தையும் சொன்னது. அந்தப் பெண்களிடையே இரண்டாவது தொற்று ஏற்படும் வேகம், முதல் தொற்று ஏற்படும் வேகத்தில் சுமார் பாதிதான். அதாவது, முதல் தொற்று ஓரளவு பாதுகாப்பைத் தந்திருக்கலாம். ஆனால், ராகாய் ஆய்வில் அப்படியொரு வித்தியாசம் தெளிவாகத் தெரியவில்லை. விவாதம் இன்னும் முடியவில்லை.

1.68 மடங்கு... அந்த 12 பெண்கள்!

இப்போது முக்கியமான கட்டத்துக்கு வருவோம். ஓவர்பாவின் ஆய்வகத்தில் இருந்த வேலரி கோர்ட்டெஸும் குழுவினரும் ஒரு கேள்வி கேட்டார்கள். ஒரே திருடனைப் பார்த்த போலீஸைவிட, வெவ்வேறு முகம் கொண்ட இரண்டு திருடர்களைப் பார்த்த போலீஸ், பொது அடையாளத்தைச் சுலபமாகக் கண்டுபிடிக்குமா?

மேல்தொற்றுக்கு ஆளான 12 பெண்களை எடுத்துக்கொண்டார்கள். ஒவ்வொருவருக்கும் ஒப்பிட, ஒரே ஒரு முறை மட்டும் தொற்றிய மூன்று பெண்கள். ஆக, 36 பேர். முதல் தொற்று வந்து ஏறக்குறைய ஐந்து வருடங்கள் ஆன நிலையில் எடுத்த ரத்தம். நான்கு உட்பிரிவுகளைச் சேர்ந்த எட்டு வைரஸ்களை வரிசையாக நிறுத்தி, ஒவ்வொருவரின் பிளாஸ்மாவும் எத்தனை வைரஸ்களை முடக்குகிறது, எவ்வளவு வலுவாக முடக்குகிறது என்று பார்த்தார்கள்.

2012-ல் வெளியான முடிவு இது: இரண்டு முறை தொற்றிய பெண்களின் ஆன்டிபாடிகளுடைய பரப்பு, ஒப்பிடப்பட்ட பெண்களைவிட 1.68 மடங்கு. வலுவும் அதிகம்.

'ஒருவேளை அந்த 12 பேருக்கும் ஆரம்பத்திலிருந்தே ஆன்டிபாடி நன்றாக இருந்திருக்குமோ? அல்லது வைரஸ் அளவு அதிகமாக இருந்ததால் வந்த விளைவோ?' என்ற சந்தேகம் வருமல்லவா? அவர்களுக்கும் வந்தது. மேல்தொற்றுக்கு முன்பிருந்த ஆன்டிபாடியின் திறன், சி.டி.4 அணுக்களின் எண்ணிக்கை, வைரஸ் அளவு எல்லாவற்றையும் கணக்கில் எடுத்துக்கொண்ட பிறகும் வித்தியாசம் மாறவில்லை.

12 பேரில் இரண்டு பெண்கள் தனித்து நின்றார்கள். அவர்களின் பிளாஸ்மாவை 300 மடங்குக்கு மேல் நீர்த்த பிறகும், நான்கு உட்பிரிவு வைரஸ்களையும் அது முடக்கியது. இருவரிடமும் மேல்தொற்றுக்கு முன்பு எடுத்த ரத்தத்தில் இந்தத் திறன் இல்லை. இரண்டாவது வைரஸ் வந்த ஒரு வருடத்துக்குள் வந்துவிட்டது!

அப்படியானால் இரண்டாவது தொற்று நல்லதா?

இல்லவே இல்லை. இந்த இடத்தில் குழப்பம் வரக் கூடாது.

இத்தனை அருமையான ஆன்டிபாடி உருவாகியும், அந்தப் பெண்கள் யாருக்கும் அதனால் ஹெச்.ஐ.வி குணமாகிவிடவில்லை. வைரஸ் உடலில் நிலையாகக் குடியேறிய பிறகு ஆன்டிபாடி வருகிறது. அதற்குள் வைரஸ் செல்களின் மரபணுவுக்குள்ளேயே பதுங்கிவிடுகிறது. வெளியில் இருப்பவையும் வேஷம் மாறி நழுவிவிடுகின்றன. திருட்டு நடந்த பிறகு வீட்டுக்குப் போடும் பூட்டு மாதிரிதான்.

மாறாக, மேல்தொற்றால் வரும் ஆபத்துகள் நிஜமானவை. அடங்கியிருந்த வைரஸ் அளவு மீண்டும் கூடலாம். மருந்துக்குக் கட்டுப்படாத ரகம் தொற்றினால், நன்றாக வேலை செய்துகொண்டிருந்த மாத்திரை பலன் தராமல் போகலாம். இரண்டு ரகங்களும் ஒரே செல்லுக்குள் சந்தித்தால், மரபணுக்கள் கலந்து மூன்றாவதாக ஒரு கலப்பு ரகம் பிறக்கலாம்.

இன்னொன்றையும் பார்க்க வேண்டும். மேல்தொற்றுக்கு முன்பே ஓரளவு நல்ல ஆன்டிபாடி இருந்த பெண்களுக்கும் இரண்டாவது வைரஸ் தொற்றியதை மொம்பாசா குழு 2008-லேயே காட்டியிருந்தது. 'எனக்குத்தான் எதிர்ப்பு சக்தி இருக்கிறதே' என்று யாரும் இருந்துவிட முடியாது.

டர்பன் பெண்ணின் ரத்தத்திலிருந்து மருந்து

மொம்பாசா தனிக்கதை இல்லை. தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரை மையமாகக் கொண்ட 'கேப்ரிசா' ஆய்வு நிறுவனத்தில், 'கேப் 256' என்ற எண்ணால் மட்டுமே அறியப்படும் ஒரு பெண் இருக்கிறார். முதல் தொற்று வந்து சில மாதங்களிலேயே அவருக்கு இரண்டாவது வைரஸும் தொற்றியது. இரண்டுமே 'சி' உட்பிரிவு. அதன்பின் அவர் உடலில் உருவானவை, உலகில் கண்டுபிடிக்கப்பட்ட மிக வலுவான ஹெச்.ஐ.வி ஆன்டிபாடிகளில் சேர்ந்தன.

அந்த ஆன்டிபாடிகள் படிப்படியாக எப்படி முதிர்ந்தன என்பதை 2014-ல் விஞ்ஞானிகள் விளக்கினார்கள். அந்த ஆன்டிபாடி வரிசைக்கு முதல் பொறியைத் தட்டியது இரண்டாவதாக வந்த வைரஸ்தான் என்று அடுத்த ஆய்வுகள் காட்டின. அந்த ஆன்டிபாடியை ஆய்வகத்தில் தயாரித்து, உடலில் நீண்ட நாள் தங்கும்படி மாற்றி, தொற்று இல்லாத பெண்களுக்குச் செலுத்திப் பார்க்கும் ஆய்வையும் கேப்ரிசா நடத்தியது. 'சி' உட்பிரிவுக்கு எதிராக அது நன்றாக வேலை செய்யக்கூடியது என்பதால், 'சி' அதிகம் இருக்கும் இந்தியாவுக்கும் இந்த ஆராய்ச்சி நெருக்கமானது.

சரி, இரண்டு வைரஸ் பார்த்த உடல் சரியாக என்ன செய்கிறது? மொம்பாசா பெண்களில் ஒருவரை ஆழமாக ஆராய்ந்து 2018-ல் வெளியிட்ட முடிவு ஒரு விடை தருகிறது. அவருடைய ரத்தத்தில் ஒரே ஒரு 'சூப்பர் ஸ்டார்' ஆன்டிபாடி இல்லை. வெவ்வேறு பி-செல் குடும்பங்களிலிருந்து வந்த பல ஆன்டிபாடிகள், ஆளுக்கொரு பக்கமாகத் தாக்கி, கூட்டாகச் சேர்ந்து அந்தப் பரந்த திறனைக் கொடுத்திருந்தன. தனி ஆள் வீரம் இல்லை, ஊர் கூடித் தேர் இழுத்த கதை.

தடுப்பூசிக்கு என்ன பாடம்?

'கூட்டு' என்பது ஏன் முக்கியம் என்பதை 2021-ல் வந்த ஒரு முடிவோடு சேர்த்துப் பார்க்கலாம். 'வி.ஆர்.சி 01' என்ற ஒரே ஒரு ஆன்டிபாடியை மட்டும் எட்டு வாரங்களுக்கு ஒரு முறை 4,600-க்கும் மேற்பட்டவர்கள் பங்கேற்ற ஆய்வுகளில் செலுத்திப் பார்த்தார்கள். அந்த ஆன்டிபாடிக்கு எளிதில் மடங்கும் வைரஸ்களை அது சுமார் 75 சதவிகிதம் தடுத்தது. ஆனால், மற்ற வைரஸ்கள் தப்பித்துவிட்டதால், மொத்தத்தில் ஆய்வு வெற்றி பெறவில்லை. ஒற்றை ஆன்டிபாடி போதாது, பல வேண்டும் என்பது அப்போது தெளிவானது.

தடுப்பூசி முயற்சிகளும் அடி வாங்கியவைதான். 2009-ல் தாய்லாந்தில் நடந்த பரிசோதனையில் 31 சதவிகிதப் பாதுகாப்பு கிடைத்தது. அதை அடியொற்றி தென்னாப்பிரிக்காவில் நடந்த பெரிய பரிசோதனை, பலன் இல்லை என்று 2020-ல் நிறுத்தப்பட்டது.

இப்போது பாதை மாறியிருக்கிறது. ஒரே ஊசியில் எல்லாம் முடிக்காமல், ஒன்றன்பின் ஒன்றாக வெவ்வேறு வடிவப் புரதங்களைக் காட்டி, பி-செல்லைப் பள்ளிப் பிள்ளை மாதிரி வகுப்பு வகுப்பாக முன்னேற்றுவது. 2022-ல் வெளியான முதல்கட்ட ஆய்வில், தடுப்பு மருந்து பெற்ற 36 பேரில் 35 பேருக்குத் தேவையான ஆரம்பநிலை பி-செல்கள் தூண்டப்பட்டன. இது ஒன்றாம் வகுப்பு பாஸானது போலத்தான். ஆனாலும், 'முதலில் ஒரு முகம், பிறகு இன்னொரு முகம்' என்று அடுத்தடுத்துக் காட்டினால் உடல் கற்றுக்கொள்ளும் என்பதற்கு மொம்பாசா பெண்கள் இயற்கையாகக் கிடைத்த சான்று. அவர்கள் உயிருள்ள வைரஸால் பட்டதை, நோயே இல்லாமல் வெறும் புரதத்தால் செய்ய முடியுமா என்பதுதான் கேள்வி.

கணவன் மனைவி கேள்விக்கு வருவோம்

ஹெச்.ஐ.வி-யுடன் வாழும் தம்பதிகள் இதையெல்லாம் படித்துவிட்டுப் பதற வேண்டியதில்லை. மொம்பாசா பெண்களின் அந்த ரத்த மாதிரிகள், மருந்து கிடைக்காத காலத்தில் எடுத்தவை. இன்று நிலைமை வேறு.

* ஏ.ஆர்.டி கூட்டு மருந்தை நாள் தவறாமல் எடுத்து, ரத்தத்தில் வைரஸ் அளவு கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்து, அப்படியே நீடித்தால், அவரிடமிருந்து உடலுறவு மூலம் இன்னொருவருக்கு ஹெச்.ஐ.வி பரவாது. இது பெரிய ஆய்வுகளில் உறுதியான உண்மை. தம்பதி இருவருமே இந்த நிலையில் இருந்தால், ஒருவரிடமிருந்து மற்றவருக்கு வேறு ரகம் தொற்றும் பயம் தேவையில்லை.

* இருவரில் ஒருவர் மருந்தை விட்டுவிட்டாலோ, வைரஸ் அளவு அதிகமாக இருந்தாலோ, ஆணுறை அவசியம்.

* ஆணுறை ஹெச்.ஐ.வி-க்கு மட்டுமல்ல. சிஃபிலிஸ், கொனோரியா போன்ற பால்வினை நோய்களிலிருந்தும் காக்கும்.

* நன்றாக இருந்தவருக்குத் திடீரென்று வைரஸ் அளவு கூடினால், முதலில் பார்க்க வேண்டியது மருந்து ஒழுங்காக எடுக்கிறாரா என்பதை. அதற்கும் காரணம் கிடைக்காவிட்டால் ஏ.ஆர்.டி மைய மருத்துவரிடம் வெளிப்படையாகப் பேச வேண்டும். ஒளித்து வைப்பதால் நஷ்டம் நமக்குத்தான்.

* அரசு ஏ.ஆர்.டி மையங்களில் மருந்து இலவசம். பரிசோதனைக்கு அரசு மருத்துவமனைகளில் இருக்கும் நம்பிக்கை மையத்துக்குப் போகலாம். சந்தேகம் கேட்க தேசிய உதவி எண் 1097.

பெயர் தெரியாத ஆசிரியைகள்

இந்தியாவில் ஹெச்.ஐ.வி முதன்முதலில் கண்டறியப்பட்டது 1986-ல், சென்னையில். மருத்துவர் சுனிதி சாலமன் வழிகாட்டுதலில் அவருடைய மாணவி நிர்மலா சேகரித்த ரத்த மாதிரிகளில் அது தெரியவந்தது. அந்த ரத்தத்தைக் கொடுத்தவர்களும் பாலியல் தொழிலில் இருந்த பெண்கள்தான். நாடு விழித்துக்கொண்டது அவர்களால். ஆனால், அவர்கள் மேல் விழுந்தது பழிதான்.

மொம்பாசாவிலும் அதே மாதிரிப் பெண்கள். வருமானம் நிச்சயமில்லாத வாழ்க்கை, வெளியில் சொல்ல முடியாத தொழில், மருந்து கைக்கு எட்டாத நோய். இத்தனைக்கும் நடுவில் மாதம் ஒரு முறை வந்து கையை நீட்டினார்கள். அந்த ரத்தத்தால் அவர்களுக்கு உடனடியாக எந்த லாபமும் இல்லை. அவர்களில் பலர், நல்ல மருந்து ஊருக்குள் வருவதற்கு முன்பே தொற்றோடு பல வருடங்களைக் கழித்தவர்கள்.

அந்தப் பெண்கள் ஆய்வுக் கட்டுரைகளில் இருப்பது எண்களாக மட்டுமே. அவர்களின் அந்தரங்கத்தைக் காக்க அது தேவைதான். ஹெச்.ஐ.வி-க்குத் தடுப்பூசி என்று ஒன்று வரும் நாளில், அதை முதலில் போட்டுக்கொள்ளும் நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு மொம்பாசா எங்கே இருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்லிக்கொடுப்போம்.